பழனியம்மாவுக்குச் சோறு போட்டவர்

அந்தத் திங்கட்கிழமை காலை நான் டில்லி கோல் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலுக்கு அல்ல. தாவரவியல் துறையில் என் பிழைப்பே வெங்காயத்தில்தான் ஓடுகிறது. முளைவிட்ட வெங்காயத்தின் வேர்நுனியை நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணுவதும், எண்ணக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. கடைக்காரன் தராசைத் தூக்கிப் பிடித்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஹர்ப்ரீத் இறங்கினாள். பக்கத்துக் கட்டடத்தில் டாக்டர் சிவகாமியின் செல் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு மாணவியாக வந்து, முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அவரை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே வேலை பார்க்கிற பஞ்சாபிப் பெண். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கேட்டுக்கொண்டு சந்தைக்குத் தேடி வந்திருக்கிறாள்.

"சர், மேடம் நஹீ ரஹீ" என்றாள்.

மேடம் இல்லை. லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் விடிகாலையில் காப்பி போட எழுந்தவர் சமையலறையிலேயே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட அவகாசம் தரவில்லை. இப்படி ஒரு செய்தியைக் கேட்டதும் ஒருவன் என்னவெல்லாமோ சொல்லலாம். நான் அவளிடம் இந்தியில் கேட்டது, இன்றைக்குத் திங்கட்கிழமையாயிற்றே, செல்களுக்குச் சாப்பாடு மாற்றியாயிற்றா என்பதுதான். "மாற்றிவிட்டுத்தான் வருகிறேன் சர்" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது. எனக்கும் அப்போதுதான் வந்தது. கடைக்காரன் வெங்காயத்தைப் பையில் போட்டுவிட்டு, காசு பிறகு கொடுங்கள் பாபுஜி என்று அனுப்பிவைத்தான்.

சிவகாமி மேடத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் படாது. அவருடைய உலகத்தில் திங்கட்கிழமை என்பது சாப்பாடு மாற்றும் நாள். மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிப் புட்டிகளில் வளர்த்து, அவை எப்படிப் பெருகுகின்றன, எதனால் கெட்டுப்போகின்றன என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. என் மனைவி ஒருமுறை இதென்ன வேலை என்று கேட்டதற்கு அம்பாசமுத்திரத் தமிழில் அவர் சொன்ன விளக்கத்தைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. "புள்ள வளக்கதுதாம்மா. என்ன ஒண்ணு, இது அழாது. பசிச்சா நெறம் மாறும், அவ்வளவுதான்." புட்டியில் ஊற்றுகிற ரோஸ் நிறத் திரவம்தான் செல்லின் உணவு. அது மஞ்சளாகத் திரும்பினால் உணவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் உள்ளே நுழைந்ததும் அவர் கண் முதலில் போவது அந்த நிறத்தின் மேல்தான். நாங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் இருவரும் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரே பருவத்தில் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் வயதில் எனக்கு இளையவர், புத்தியில் மூத்தவர். என்னை 'வெங்காய சார்' என்றுதான் கூப்பிடுவார். தஞ்சாவூர்க்காரனான என் பேச்சையும் விடமாட்டார். "ஒரு காப்பி குடிக்கதுக்கு எவ்வளவு பேச்சு பேசுதீய" என்பார். பதிலுக்கு நானும் அவரைச் சும்மா விட்டதில்லை. அதற்கு வாய்ப்பும் அவரே நிறையத் தந்தார்.

ஓர் உதாரணம். செல்களின் உணவில் சீரம் என்று ஒன்று சேர்க்க வேண்டும். ரத்தத்தை உறையவைத்தால் மேலே தெளிந்து நிற்கிற நீர் அது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விமான நிலையத்துச் சுங்கக் கிடங்கிலேயே வெயிலில் கிடந்து கெட்டுப்போகும். ஆகவே மேடம் தானே சேகரிக்கத் தொடங்கினார். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாத சைவக் குடும்பத்துப் பெண்மணி, காலையில் தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, ஆட்டு ரத்தம் வாங்கக் கசாப்புக் கூடத்துக்குப் போவார். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும். "டாக்டர்னி ஆகயீ", டாக்டரம்மா வந்தாச்சு என்று வழிவிடுவார்களாம். அங்கிருந்து நேரே மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிடுகிறீர்களாமே, அவர் ஒன்றும் சொல்வதில்லையா என்று ஒருநாள் சீண்டினேன். "அவருக்குத் தெரியாம நான் என்னத்த செஞ்சிரப் போறேன்? ரத்தப் பாட்டில வாசல்ல செருப்புப் பக்கத்துல வச்சிட்டுத்தான் உள்ள போறேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

டில்லியின் பருவங்களோடு அவருக்குத் தீராத சண்டை. செல்லுக்கு வேண்டியது மனிதனின் உடம்புச் சூடு, அதிலே கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மே மாதத்தில் அறையின் வெப்பமே அதைத் தாண்டிவிடும். செல்களை வைக்கிற இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. தெருவில் விற்கிற மட்கா பானைகளை வாங்கி, தண்ணீர் நிரப்பி, அந்தப் பெட்டியைச் சுற்றி அடுக்கி, அவர் மின்விசிறியைத் திருப்பி வைப்பார். ஜனவரியில் பிரச்சினை தலைகீழ். ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் புட்டியைக் கொண்டுவருவதற்குள் செல்கள் விறைத்துவிடும். அதற்கு அவர் கண்ட வழி, புட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகி, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே சால்வை. பஸ்ஸில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கண்டக்டர் ஓர் ஆளை எழுப்பி இடம் கொடுத்திருக்கிறான். "எத்தனாவது மாசம் பெஹன்ஜி" என்று வேறு கேட்டானாம். "இன்னிக்குத்தான் பொறந்தது பையா" என்று தன் நெல்லை இந்தியில் சொன்னதை எங்களிடம் நடித்துக் காட்டினார்.

அப்படி இடுப்பில் வைத்துக் கொண்டுவந்த புட்டிகளில் ஒன்றுதான் பழனியம்மா.

பழனியம்மா சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த பெண். ஆர்.கே.புரத்துக்குப் பின்னால் குடிசையில் இருந்தாள். புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்தில் புற்று. ஆஸ்பத்திரியில் அவளுடைய தமிழ் யாருக்கும் விளங்காமல், அங்கே அடிக்கடி வந்துபோகும் மேடத்தை அழைத்திருக்கிறார்கள். அன்று நடந்ததை எனக்குச் சொன்னவர் அவளுடைய கணவர் அங்கமுத்து. மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாராம். அறுத்து எடுக்கிற சதையில் ஒரு துணுக்கைத் தருவாயா, பாட்டிலில் போட்டு வளர்த்துப் பார்க்க வேண்டும், ஆனால் இதனால் உனக்குச் சுகமாகும் என்று நான் சொல்லமாட்டேன் என்றாராம். பழனியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"பாட்டில்ல உசுரோட இருக்குமுங்களா?"

"இருந்தாலும் இருக்கும்."

"அப்ப அதுக்கு யாரு சோறு போடுவாங்க?"

"நான் போடுதேன்" என்றாராம் மேடம்.

பழனியம்மா பிழைக்கவில்லை. அடுத்த ஜனவரியில் போய்விட்டாள். ஆனால் புட்டியிலிருந்த துணுக்கு பிழைத்தது. நம் நாட்டு நோயாளியிடமிருந்து, நம் நாட்டுப் பழக்கத்தால் வந்த புற்றிலிருந்து எடுத்து, புட்டியில் தொடர்ந்து வாழ்கிற செல்வகை என்பதால் அதற்கு மதிப்பு வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதற்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு பெயர். ஆய்வுக்கூடத்தில் மட்டும் அது பழனியம்மாதான். "பழனியம்மா சாப்பிட்டாச்சா" என்று ஹர்ப்ரீத்கூடத் தமிழில் கேட்கப் பழகியிருந்தாள். சென்னை, பம்பாய், லக்னோ என்று யார் கேட்டாலும் மேடம் ஒரு புட்டி கொடுத்தனுப்புவார். இத்தனை பாடுபட்டு வளர்த்ததை இப்படி வாரி விடுகிறீர்களே என்று நான் முணுமுணுத்தால், "என்கிட்ட மட்டும் இருந்தா ஒரு கரண்ட் கட்டுல போயிரும் சார். நாலு வீட்ல இருந்தா எங்கயாவது ஒரு வீட்ல இருக்கும்லா" என்பார்.

பழனியம்மா இறந்து ஒரு வருஷம் ஆனபோது, அவளைக் கும்பிடுகிற நாளன்று அங்கமுத்து ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். குளித்து, தலைவாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் கொஞ்சம் பூ. "எரிச்ச எடத்துக்குப் போனா அங்க ஒண்ணுமில்லீங்க. அம்மா சொன்னாங்க, இங்க உசுரோட இருக்குதுன்னு" என்றார். மேடம் அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அங்கமுத்து வெகுநேரம் பார்த்தார். பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் தயங்கினார். கிருமி ஒரு துளிகூட நுழையக்கூடாத அந்த அறையில், மேடம் அந்தப் பூவை வாங்கி இன்குபேட்டரின் தலைமேல் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அங்கமுத்து வருவது வழக்கமாகிவிட்டது.

இனிச் சொல்ல வேண்டியதுதான் கஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஒரு பேச்சு அடிபட்டது. வெளிநாட்டில் எப்போதோ இறந்துபோன ஒரு பெண்ணின் புற்றுநோய்ச் செல்வகை ஒன்று ஆய்வுக்கூடங்களில் பரவலாக இருந்தது. அதற்கு அசுரப் பசி. அதில் ஒரு துளி வேறு புட்டியில் கலந்துவிட்டால் போதும், அங்கே இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதுவே நிறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தன் செல் என்று நினைத்து வருஷக்கணக்காக அதை வளர்த்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்று எழுதினார்கள். மேடத்தின் ஆய்வுக்கூடத்திலும் அந்த வகை ஒரு புட்டி இருந்தது. புதிதாகத் தயாரித்த உணவு சரியாக இருக்கிறதா என்று முதலில் அதற்குக் கொடுத்துத்தான் பார்ப்பார்கள்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. சந்தேகப்படவும் இல்லை. அவராகவே ஒருநாள் பழனியம்மாவின் புட்டியோடு என் அறைக்கு வந்தார். "வெங்காய சார், உங்க கண்ணு நல்ல கண்ணு. இதோட குரோமோசோம பாத்துச் சொல்லுங்க. எனக்கு வேண்டியவளாச்சேன்னு பாக்காதீய" என்றார்.

பார்த்தேன். அந்த வெளிநாட்டு வகைக்கென்றே சில அடையாளக் குரோமோசோம்கள் உண்டு. அவை அத்தனையும் இருந்தன. வேறு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். வேறு புட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். என் கண் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். கடைசியில் ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து வந்து ஒரு ஸ்டூலை எனக்கு இழுத்துப்போட்டார். இன்னொன்றைத் தனக்குப் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க சார். நின்னுக்கிட்டுச் சொல்லுத விசயமில்ல போலிருக்கு. ரெண்டு பேரும் உக்காந்த பெறவு சொல்லுங்க."

சொன்னேன். அவர் என் கையிலிருந்த ஸ்லைடை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு, "அந்தக் கோடை" என்றார். ஒரு கோடையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. வந்த சற்று நேரத்துக்குள், சுத்தக் காற்று அடிக்கிற பெட்டிக்குள் எல்லாச் செல்களுக்கும் உணவு ஊற்றி முடிக்க வேண்டும். ஜல்தி ஜல்தி என்று ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு, உணவு பாட்டில் ஒன்றையே வைத்து, வெளிநாட்டு வகைக்கு ஊற்றிய கையோடு பழனியம்மாவுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கோடைக்குப் பிறகுதான் பழனியம்மா திடீரென்று வேகமாக வளரத் தொடங்கினாள். "இப்பதான் நல்லா சாப்பிடுதா" என்று மேடம் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறையவைத்துப் பாதுகாத்த பழைய குழாய்கள் இருந்தால் அசலை மீட்டிருக்கலாம். திரவ நைட்ரஜன் சரியாக வராமல்போன அதே கோடையில் அவையும் கெட்டுப்போயிருந்தன. உண்மையான பழனியம்மா எப்போதோ போய்விட்டாள்.

அன்று அந்தப் பாட்டிலைத் தொட்ட கை யாருடையது என்று மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. "யாரு கைன்னு தேடப்பிடாது. வாசல்ல என் பேருதான் எழுதியிருக்கு" என்று தீர்த்துவிட்டார். செல் வாங்கிப் போன ஒவ்வோர் ஆய்வுக்கூடத்துக்கும் தானே எழுதினார். தன் கட்டுரைகளை ஆராய்ச்சிப் பத்திரிகைகளிலிருந்து திரும்பப் பெற்றார். சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள், இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று பெரிய மனிதர்களே வந்து சொன்னார்கள். பேராசிரியர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நேரம் அது. "செல்லு பொய் சொல்லாது சார். லேபிள ஒட்டுதது நாமதான்" என்று என்னிடம் சொன்னார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அவருக்கு வரவில்லை. ஹர்ப்ரீத்தின் ஆராய்ச்சியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவளோடு சேர்ந்து மேடமும் முதல் ஆண்டு மாணவியைப்போலப் புட்டி கழுவினார்.

உலகத்துக்கெல்லாம் சொன்னவருக்கு ஒருவரிடம் சொல்வதுதான் முடியாமல் இருந்தது. ஜனவரி நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் கணவர் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நானே புத்தி சொன்னேன். அங்கமுத்துவுக்குக் குரோமோசோமா தெரியப்போகிறது, வருஷத்தில் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார், அந்த நிம்மதியை ஏன் கெடுக்கிறீர்கள் என்றேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்த ஒரே நாள் அதுதான். "பத்திரிகைக்காரனுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா? அவரு முன்னாலதான சார் நான் வாக்கு குடுத்தேன்!"

அங்கமுத்து வந்தார். பூ கொண்டுவந்திருந்தார். மேடம் என்னையும் இருக்கச் சொல்லியிருந்தார். அவரை உட்காரவைத்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். குரோமோசோம் என்ற வார்த்தையே இல்லாமல் சொன்னார்.

"நான் நல்லாப் பாத்துக்கிடலய்யா. வேற ஒருத்தியோட செல்லு இதுல விழுந்து, அதே வளந்துட்டு. உங்க வீட்டம்மா இதுல இல்ல. போயி ரொம்ப நாளாச்சு. நீங்க வந்து பாத்ததெல்லாம் அவங்க இல்ல. என்ன மன்னிச்சிருங்க."

அங்கமுத்து தன் கையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப இது யாருங்க?" என்று கேட்டார்.

"வெளிநாட்டுல ஒரு அம்மா. அவங்களும் இதே நோவுலதான் போனாங்க. ரொம்ப வருஷமாச்சு."

"அந்தம்மாவப் பாக்க யாராச்சும் வர்றாங்களா?"

"இங்க யாரும் வரல."

அங்கமுத்து எழுந்தார். போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மைக்ராஸ்கோப் முன்னால் போய் உட்கார்ந்து, பழகியபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு பூவை மேடத்திடம் நீட்டினார். "வெச்சிருங்கம்மா. இதுவும் யாரோ பெத்த புள்ளதானுங்க" என்றார். மேடம் அதை வாங்கி வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, அவர் போகும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார். அடுத்த வருஷமும் அங்கமுத்து வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். புட்டியின் லேபிளை மேடம் மாற்றி, உள்ளது உள்ளபடி எழுதி ஒட்டியிருந்தார்.

மேடம் போனது நவம்பரில். அங்கமுத்துவுக்குத் தெரிவிக்க எங்களிடம் விலாசம் இல்லை. எந்தக் கட்டடத்தில் வேலையோ அங்கேதான் அவர் குடியிருப்பு. இந்த ஜனவரியில், வழக்கமான நாளில், குளித்துத் தலைவாரிக்கொண்டு பூவோடு வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "அம்மா இல்லீங்களா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஹர்ப்ரீத் என்னைக் கூட்டிவர ஓடிவந்தாள்.

வருகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மேடம் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உள்ளே வந்ததும் என் கை தானாக ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டது. இன்னொன்றை எனக்குப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். சொன்னேன். அங்கமுத்து தலையில் கைவைத்துக் குனிந்துகொண்டார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மாவோடது ஒரு துணுக்கு ஏதாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா, சாமி?"

இல்லை என்றேன். இத்தனை செல்கள் வளர்த்த கூடத்தில் அவருடையது ஒன்றுகூட இல்லை.

அவர் எழுந்து போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். யாரோ ஓர் அம்மாவின் செல்கள் அங்கே இருந்தன. புட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே திரவம் லேசாக மஞ்சளுக்குத் திரும்பியிருந்தது. அத்தனை வருஷம் வந்து போனதில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இனிமே இதுக்கு யாருங்க சோறு போடுவாங்க?"

நவம்பரிலிருந்து ஊற்றிவருகிறவள் ஹர்ப்ரீத், அவள் இங்கே எவ்வளவு நாள் இருக்க முடியும் என்று அவளுக்கே தெரியாது. கூடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று பல்கலைக்கழகம் இன்னும் முடிவு செய்யவில்லை. நான் வெங்காயக்காரன், எனக்கும் மனித செல்லுக்கும் சம்பந்தமில்லை. அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அன்று அங்கமுத்து கேட்டபோது தெரிந்தது.

"நான் போடுறேன்" என்றேன்.

பூவை வாங்கி இன்குபேட்டரின் மேல் வைத்துவிட்டு, செல்களுக்குச் சாப்பாடு மாற்றக் கை கழுவப் போனேன்.